கிளம்பாத எஞ்சினும் வெளிக்காட்டுத் தொழிலாளியும்

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் வெளிக்காட்டுத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, தண்ணீர், மருத்துவ வசதி என்று பேசுவதற்காகவே நாம் வழக்கமாக இந்தக் கொட்டகையில் கூடுகிறோம். இன்றைக்கு எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் அவற்றில் எதுவுமல்ல. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்று போனாலும் கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடிக்கும் சிறு எஞ்சினைப் பற்றிப் பேச வேண்டுமென்று கமிட்டியார் கேட்டுக் கொண்டார்கள். ‘சங்கக் கூட்டத்தில் மெக்கானிக் பாடமா?’ என்று பின் வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. முணுமுணுக்கும் தோழரே, சற்றுப் பொறுத்துக் கொள்ளுங்கள். இதுவும் சம்பளத்தைப் பற்றிய பேச்சுதான்.

புல் வெட்டும் வேலை அநேக இடங்களில் நாள் கணக்கில் இல்லை. இத்தனை நிரைக்கு இவ்வளவு, இத்தனை ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுக்கப்படுகிறது. பெரட்டு முடிந்து, லாரியில் ஏறிக் காட்டுக்குப் போய்ச் சேர்ந்து, எஞ்சினைக் கீழே வைத்துக் கயிற்றை இழுத்தால் அது கம்மென்று கிடக்கிறது. ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய வேலை ஒன்பது மணிக்குத் தொடங்குகிறது. வெயில் ஏறாத அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பாதி நிரையை முடித்திருக்கலாம். போன நேரத்திற்குக் காசு தருபவர் யார்? ஒருவருமில்லை. அதோடு விட்டதா? மாலையில் எஞ்சினை ஸ்டோரில் ஒப்படைக்கும்போது ‘நீதான் கெடுத்தாய்’ என்ற சொல்லும் வந்து சேருகிறது. என்ன கெட்டது, எதனால் கெட்டது என்று எடுத்துச் சொல்லத் தெரியாதவன் தலை குனிந்து நிற்கிறான். எடுத்துச் சொல்லத் தெரிந்தவனிடம் அந்தப் பேச்சு செல்லாது.

நம் கையில் புழங்கும் எஞ்சின்கள் அதிகம் போனால் மூன்று வகை. தோளில் மாட்டிப் புல் வெட்டுவது ஒன்று. முதுகில் சுமந்து மருந்தோ கந்தகத் தூளோ அடிப்பது ஒன்று. இவை இரண்டும் பெரும்பாலும் ‘டூ-ஸ்ட்ரோக்’ ஜாதி. பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். மூன்றாவது, தவரணைக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு. அது அநேகமாக ‘ஃபோர்-ஸ்ட்ரோக்’. பெட்ரோல் தனி, எண்ணெய் தனி. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒன்றின் எண்ணெயை மற்றொன்றில் ஊற்றினால் அன்றைக்கே தொல்லை தொடங்கிவிடும்.

எந்த ஜாதியானாலும் எஞ்சின் கேட்பது மூன்றே மூன்று. காற்றோடு சரியான அளவில் கலந்த பெட்ரோல் ஆவி வேண்டும். அதைப் பற்ற வைக்க ஒரு பொறி வேண்டும். பொறி விழும் நேரத்தில் அந்த ஆவி நன்றாக அமுக்கப்பட்டிருக்க வேண்டும். மழை நாளில் அடுப்பு மூட்டும் நம் தாய்மார்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. விறகு ஈரமா, நெருப்புக் குச்சி நமத்துப் போனதா, அடுப்பு வாயில் சாம்பல் அடைத்துக் கொண்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்களே தவிர, அடுப்பையே இடித்துப் பார்க்க மாட்டார்கள். எஞ்சின் விஷயத்தில் நம் வாலிபர்கள் செய்வது அதுதான். எடுத்த எடுப்பில் திருப்புளியை எடுத்துக் கார்புரேட்டரைக் கழற்றிவிடுகிறார்கள். பத்து நிமிஷத்தில் தீர வேண்டியது பத்து நாள் பட்டறையில் கிடக்கிறது.

ஆகவே வரிசை முக்கியம். கருவி இல்லாமல் கண்ணாலும் கையாலும் பார்க்கக் கூடியதை முதலில் பாருங்கள்.

முதலாவது, நிறுத்தும் சுவிட்சு. சிரிக்காதீர்கள். ஒரு தோட்டத்தில் மூன்று ஆண்பிள்ளைகள் காலை முழுவதும் மாறி மாறிக் கயிறு இழுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடைசியில் களைப்பாற உட்கார்ந்த போது, தண்ணீர் கொண்டு வந்த அம்மா ஒருவர் ‘இந்தச் சின்னக் கட்டை அந்தப் பக்கம் இருக்க வேண்டாமா?’ என்று விரலால் தட்டினார். அடுத்த இழுப்பில் எஞ்சின் கிளம்பியது. லாரியில் குலுங்கி வரும்போது அந்தச் சுவிட்சு தானாகவே நகர்ந்துவிடும். யாருடைய குற்றமும் அல்ல. அதோடு, எண்ணெய்க் குழாயில் திருகு இருந்தால் அது திறந்திருக்கிறதா, தொட்டியில் எண்ணெய் இருக்கிறதா, பிளக்கின் மேலுள்ள ரப்பர் தொப்பி அழுத்தமாக மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு நிமிஷ வேலை.

இரண்டாவது, தொட்டியில் இருப்பது என்ன எண்ணெய். என் அனுபவத்தில் இங்கேதான் பாதி வியாதி. பெட்ரோல் அரிசியைப் போலக் கிடந்து பழகும் சரக்கல்ல. ஒரு மாதம், இரண்டு மாதம் கிடந்தால் அதிலுள்ள லேசான பாகம் பறந்து போய், மிச்சம் பிசினாகிக் கொண்டே வரும். மோந்து பாருங்கள். புது பெட்ரோல் மூக்கில் சுரீரென்று ஏறும். பழையது மர மேசைக்குப் பூசும் வார்னிஷ் போலக் கனமாக நாறும். அடுத்தது தண்ணீர். டின்னின் மூடி சரியில்லாமல் மழை இறங்கியிருக்கும், அல்லது பாதி டின் காலியாகக் கிடந்து இரவுக் குளிரில் உள்ளே வியர்த்திருக்கும். கொஞ்சம் எண்ணெயை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி ஐந்து நிமிஷம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கிவிடும். அந்தப் போத்தலைப் பத்திரமாக வையுங்கள் தோழர்களே, பின்னால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

கலவை அளவையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சினோடு வந்த புத்தகத்திலோ, தொட்டி மூடியின் மேலோ அளவு எழுதியிருக்கும். 25-க்கு 1 என்றிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி லிட்டர் எண்ணெய். 5 லிட்டருக்கு 200. 50-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 20. 5 லிட்டருக்கு 100. எந்த அளவு உங்கள் எஞ்சினுக்கு என்பது புத்தகம் சொல்வதே தவிர, பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்வதல்ல. எண்ணெய் கூடினால் புகை கக்கும், பிளக் கரி பிடிக்கும். குறைந்தாலோ பிஸ்டன் உரசிக் கீறி எஞ்சினே போய்விடும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கென்றே விற்கும் எண்ணெயைத்தான் கலக்க வேண்டும். காருக்கு ஊற்றும் எண்ணெய் இதற்கு உதவாது. எஞ்சின் தொட்டியிலேயே இரண்டையும் ஊற்றிவிட்டுக் குலுக்கினேன் என்பதும் கலவை ஆகாது. தனி டின்னில் கலந்து நன்றாகக் குலுக்கிய பிறகே ஊற்ற வேண்டும்.

இனி, கிளப்பும் முறை. ஆறிய எஞ்சினுக்குச் சோக்கை மூட வேண்டும். கார்புரேட்டரின் கீழ் மெத்தென்று ஒரு குமிழ் இருந்தால், தொட்டிக்குத் திரும்பும் குழாயில் எண்ணெய் ஓடுவது கண்ணுக்குத் தெரியும்வரை அதை ஏழெட்டு முறை அமுக்குங்கள். கயிற்றை மெள்ள இழுத்து, பல் மாட்டிக் கொண்டதும் விசையாக இழுங்கள். இரண்டு, மூன்று இழுப்பில் எஞ்சின் ஒருமுறை இருமும். ‘டப்’ என்று ஒரே ஒரு சத்தம், பிறகு அமைதி. அந்த இருமலைக் கேட்டவுடன் சோக்கைத் திறந்துவிட வேண்டும். நம்மவர்கள் பலர் அந்த இருமலைக் கவனிப்பதில்லை. காடு முழுக்க மற்ற எஞ்சின்களின் இரைச்சல். சோக் மூடியபடியே இன்னும் பத்து இழுப்பு இழுக்கிறார்கள். உள்ளே எண்ணெய் வெள்ளமாகி, பிளக் குளித்துவிடுகிறது. அதன் பிறகு மாலை வரை இழுத்தாலும் பலனில்லை. ஓடிக் களைத்துச் சூடாக இருக்கும் எஞ்சினுக்குச் சோக்கே வேண்டாம். அதை மூடினால் அதே கதிதான்.

இதுவரை கருவி எதுவும் தேவைப்படவில்லை. இனிமேல் ஒரு பிளக் சாவி வேண்டும். பிளக்கைக் கழற்றுமுன் சுற்றியுள்ள மண்ணையும் புல்லையும் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவ்வளவும் உள்ளே விழும்.

கழற்றிய பிளக்கைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். டிரெஸ்ஸர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். நுனி நனைந்திருந்தால் எண்ணெய் வந்து சேருகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். ஒன்று எண்ணெய் அதிகமாகிவிட்டது, அல்லது பொறி இல்லை. பத்து முறை இழுத்த பிறகும் நுனி காய்ந்திருந்தால் எண்ணெயே வந்து சேரவில்லை. இளம் பழுப்பாக இருந்தால் எஞ்சின் நல்ல சுகத்தில் ஓடியிருக்கிறது. கன்னங்கரேலென்று கரி படிந்திருந்தால் கலவையில் எண்ணெய் அதிகம், அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. வெண்ணிறக் களிமண் பாகத்தில் கீறல் தெரிந்தால் அந்தப் பிளக்கைத் தூக்கியெறிய வேண்டியதுதான். இடைவெளி புத்தகத்தில் எழுதியுள்ளபடி இருக்க வேண்டும். நம் எஞ்சின்களில் பெரும்பாலும் 0.6 முதல் 0.7 மில்லி மீட்டர். அளவுக் கருவி இல்லாத இடத்தில், இரும்பறுக்கும் கை ரம்பத் தகட்டின் பல்லில்லாத முதுகைச் சொருகிப் பாருங்கள். அதன் கனம் ஏறக்குறைய அவ்வளவுதான். கரியைப் பித்தளைக் கம்பித் தூரிகையால் தேயுங்கள். உப்புத்தாளால் தேய்த்தால் அதன் மணல் துகள் உள்ளே போய்ச் சிலிண்டரைக் கீறும்.

பிளக் நனைந்திருந்தால் முதலில் வெள்ளத்தை வடிப்போம். சோக்கைத் திறந்து, சுவிட்சை நிறுத்தும் பக்கம் வைத்து, பிளக் இல்லாமலே கயிற்றை எட்டுப் பத்து முறை இழுங்கள். உள்ளேயுள்ள எண்ணெய் ஓட்டை வழியே தெறித்து வெளியேறும். முகத்தை அருகில் கொண்டு போகாதீர்கள். பிளக்கைத் துடைத்துக் காய வைத்து மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுவதும் பிடித்தபடி சோக் இல்லாமல் இழுங்கள். எழுந்துவிடும். அடுப்பிலோ லைட்டரிலோ பிளக்கைச் சுடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கையில் பெட்ரோல் ஈரத்தோடு நெருப்பு மூட்டுவது எவ்வளவு பெரிய புத்திசாலித்தனம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படியும் எழவில்லையானால் பொறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே மிகுந்த ஜாக்கிரதை தேவை. முதலில் சிந்திய எண்ணெயைத் துடைத்து, எண்ணெய் டின்னை அப்பால் கொண்டு போய் வைத்து, உள்ளே தேங்கிய ஆவி கலையச் சற்று நேரம் விடுங்கள். பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் இரும்பு உடல் எஞ்சினின் வெற்று இரும்பில் படும்படி வையுங்கள். பிளக் ஓட்டைக்கு வெகு அருகில் வைக்காதீர்கள். பிளக்கை வெறுங்கையால் பிடிக்காமல் ரப்பர் பிடியுள்ள குறடால் பிடியுங்கள். சுவிட்சை ஓடும் பக்கம் வைத்து, மர நிழலில் நின்று ஒருவர் கயிற்றை இழுக்க, நுனியில் நீலப் பொறி பளிச்சென்று தெரிய வேண்டும். தெரியவில்லையானால் புதுப் பிளக் ஒன்றை மாட்டிப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால், சுவிட்சிலிருந்து வரும் மெல்லிய ஒயர் எங்கேனும் தோல் உரிந்து இரும்பில் ஒட்டிக் கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள். அந்த ஒயர் இரும்பில் பட்டால் எஞ்சின் அதைச் ‘சுவிட்சை நிறுத்திவிட்டார்கள்’ என்றே எடுத்துக் கொள்ளும். ஒயரும் நன்றாக இருந்தால் காயில் போயிருக்கலாம். அது ஃபிட்டர் வேலை, நம் வேலை அல்ல. பழைய எஞ்சின்களில் ‘பாயிண்ட்’ என்று ஒன்று இருந்தது, அதைத் தேய்த்துச் சரி செய்து கொள்ளலாம். இக்காலத்து எஞ்சின்களில் அது கிடையாது, எல்லாம் மூடி அடைத்த மின்சாரக் கட்டி. தேய்ப்பதற்கும் ஒன்றுமில்லை, திருகுவதற்கும் ஒன்றுமில்லை.

பிளக் காய்ந்திருந்ததா? அப்படியானால் எண்ணெய் வரும் வழியில் அடைப்பு. தொட்டியிலிருந்து தொடங்குங்கள். மூடியில் ஊசி முனையளவு ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். அதில் மண் அடைத்தால், எண்ணெய் இறங்க இறங்க உள்ளே வெற்றிடமாகி, ஓட்டம் நின்றுவிடும். எஞ்சின் நன்றாகக் கிளம்பி ஐந்து பத்து நிமிஷம் ஓடி நின்று போகிறது, சற்று நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது என்றால் முதலில் இந்தத் துவாரத்தைச் சந்தேகியுங்கள். நின்ற உடனே மூடியைத் தளர்த்துங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் கள்வன் பிடிபட்டான். அடுத்து, தொட்டிக்குள் குழாயின் நுனியில் தொங்கும் சிறு வடிகட்டி. வளைத்த கம்பியால் அதைத் தூக்கி வெளியே எடுக்கலாம். கறுத்துப் பிசுபிசுத்திருந்தால் மாற்ற வேண்டும், சொற்பக் காசுதான். பிறகு குழாய். வெயிலில் கிடந்து விறைத்து, வளைவில் வெடித்திருக்கும். எலி கடித்ததையும் பார்த்திருக்கிறேன். குழாயில் வெடிப்பிருந்தால் எண்ணெய்க்குப் பதில் காற்றைத்தான் உறிஞ்சும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் எண்ணெய் வரவில்லையானால் அப்போதுதான் கார்புரேட்டர் மேல் சந்தேகம் வர வேண்டும். அதனுள்ளே காகிதம் போன்ற மெல்லிய தோல் ஒன்று துடித்துத் துடித்து எண்ணெயை இழுக்கிறது. பழைய எண்ணெயில் ஊறிக் கிடந்தால் அது அட்டைபோல விறைத்துவிடும். மாற்றத்தான் வேண்டும். பக்கத்திலுள்ள இரண்டு சிறு திருகாணிகளை மட்டும் தயவு செய்து தொடாதீர்கள். நேற்று ஓடிய எஞ்சினில் அவை இராத்திரியோடு இராத்திரியாகத் தானாகத் திரும்பிவிடுவதில்லை. ஆளுக்கொரு பக்கம் அவற்றைத் திருப்பிய பிறகு, உண்மையான கோளாறு தீர்ந்தாலும் எஞ்சின் ஓடாது.

காற்று வழியையும் புகை வழியையும் சுருக்கமாகச் சொல்கிறேன். காற்று வடிகட்டி பஞ்சாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைத்து மாட்டுங்கள். புத்தகம் சொன்னால் ஒரு சொட்டு எண்ணெய் தடவிப் பிழியுங்கள். காகிதமாக இருந்தால் தட்டினால் போதும், கழுவக் கூடாது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் புகைக்குழாய் வாயில் கரி கட்டிக் கட்டிச் சந்து குறுகிவிடும். எஞ்சின் வர வர வலுவிழந்து, கடைசியில் கிளம்பவே மறுக்கும். அந்த வாயைச் சுரண்டும்போது பிஸ்டனை மேலே ஏற்றி வைத்துக் கொண்டு, மரக்குச்சியால் சுரண்டுங்கள். கரித் தூள் உள்ளே விழாது. இரும்பால் சுரண்டினால் விழும் கீறலும் விழாது. ஸ்டோரில் நாளாகக் கிடந்த எஞ்சினென்றால் புகைக்குழாயில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசி, அமுக்கம். கயிற்றை மெதுவாக இழுக்கும்போது ஓரிடத்தில் கைக்கு எதிர்ப்பு தெரிய வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் கயிறு வழவழவென்று வந்தால் பிளக் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையானால் பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது. கயிறு அசையவே மறுத்தால் பலங்கொண்டு இழுக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு இழுத்துப் பாருங்கள். அப்போது சுழன்றால் உள்ளே எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தது. அப்போதும் அசையாவிட்டால், ஒன்று கயிற்றுச் சுருளில் சிக்கல், அல்லது பிஸ்டன் இறுகிவிட்டது. ஃபிட்டரிடம் ஒப்படைத்து, ஒப்படைத்த நேரத்தை எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

தவரணைப் பம்பைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. அந்த எஞ்சின்களில் பலவற்றில் எண்ணெய் அளவைக் காவல் காக்கும் கருவி உண்டு. அடியிலுள்ள எஞ்சின் எண்ணெய் குறைந்தால் அது பொறியையே நிறுத்திவிடும். எண்ணெய் சரியாக இருந்தும், பம்பை ஓடைக்கரைச் சரிவில் சாய்த்து வைத்தாலும் அதே வேலையைச் செய்யும். ஆகையால் பொறி இல்லையென்று பிளக்கை மாற்றுமுன் பம்பைச் சமதரையில் வைத்து எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பாருங்கள்.

சூடான எஞ்சினில் எண்ணெய் ஊற்றாதீர்கள். ஊற்றும் இடத்தில் சுருட்டு, சிகரெட் வேண்டாம். ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளிப் போய்க் கிளப்புங்கள். கிளப்பும்போது வெட்டுத் தகடு தரையிலோ புல்லிலோ படக் கூடாது. பக்கத்தில் ஆள் நிற்கவும் கூடாது. தகட்டில் சிக்கிய புல்லை எடுக்குமுன், எஞ்சின் செத்துக் கிடந்தாலும் சரி, பிளக் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். கிளம்பாத எஞ்சின் கிளம்பக் கூடாத நேரத்தில் கிளம்பி விரலை எடுத்த கதை நம் பக்கங்களில் உண்டு.

கந்தகம் அடிக்கும் எஞ்சினைத் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதுதான் அதிகமாக மக்கர் செய்வது. ரப்பர் மரம் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஓயிடியம் என்ற பூஞ்சை நோய் இளந்தளிரைப் பிடித்துக் கொட்ட வைக்கும். அதைத் தடுக்கவே விடியற்காலையில், பனி ஈரம் இலையில் இருக்கும்போது, காற்றடங்கிய நேரத்தில் கந்தகத் தூள் அடிக்கிறோம். தளிர் விடும் சில வாரத்தில் அடித்தால்தான் பலன். தவறினால் அந்த வருஷத்துப் பாலில் குறையும், பாலில் குறைந்தால் மரம் வெட்டுகிறவர்களின் சம்பளத்திலும் குறையும். அப்படிப்பட்ட எஞ்சின் வருஷத்தில் பத்து மாதம் மூலையில் தூங்குகிறது. போன வருஷத்துக் கலவை எண்ணெய் தொட்டியிலேயே இருக்கிறது. பிப்ரவரியில் தட்டி எழுப்பினால் அது எப்படி எழும்? வேலை முடிந்த கடைசி நாளில் தொட்டியைக் காலி செய்து, மீதியுள்ள எண்ணெய் தீர்ந்து தானாக நிற்கும்வரை எஞ்சினை ஓட விட வேண்டும். கார்புரேட்டரும் அதோடு வறண்டுவிடும். இதற்குப் பத்து நிமிஷம் போதும். அந்தப் பத்து நிமிஷத்தை வேலை நேரமாகக் கணக்கில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். எழுதாத இடத்தில் யார் அதைச் செய்வார்? இன்னொன்று, கந்தகத் தூள் காற்றில் பறக்கும் இடத்தில் ஒரு பொறி விழுந்தால் பற்றிக் கொள்ளும். நான் சொன்ன பொறிச் சோதனையை அங்கே ஒருநாளும் செய்யாதீர்கள்.

இப்பொழுது அந்தப் போத்தலுக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், புல் வெட்டும் வாலிபன் ஒருவனுடைய சம்பளத்தில் கார்புரேட்டர் விலை என்று எண்பது வெள்ளி பிடித்துவிட்டார்கள். கூச்ச சுபாவமுள்ள பையன், வாய் திறக்கவில்லை. கிளைச் செயலாளர் அவனை அழைத்துக் கொண்டு ஆபீசுக்குப் போனார். கையில் இரண்டு சாமான். ஒன்று, விறைத்துப் போன அந்தத் தோல். மற்றொன்று, ஸ்டோர் பீப்பாயிலிருந்து கிராணியார் முன்னிலையிலேயே பிடித்த எண்ணெய்ப் போத்தல். அதன் அடியில் ஒரு விரற்கடை தண்ணீர். ‘இந்த எண்ணெயைக் கலந்து வைத்தது யார், பையனா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். கோஷமில்லை, சண்டையில்லை. அடுத்த மாதச் சம்பளத்தோடு எண்பது வெள்ளியும் திரும்பி வந்தது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. சம்பளத்தில் எந்தெந்தத் தொகையைப் பிடிக்கலாம் என்பதை 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு வரையறுத்திருக்கிறது. எஞ்சின் கெட்டுப் போனது என்பது அந்த வரிசையில் இல்லை. ஒப்பந்தக் கணக்கில் வேலை செய்பவனை ‘உனக்கு மாதச் சம்பளப் பேச்சே கிடையாது’ என்று சொல்லி அனுப்புவதும் செல்லாது. 2025-இல் அமலுக்கு வந்த குறைந்தபட்சச் சம்பள உத்தரவின் 1,700 வெள்ளி, துண்டுக் கணக்கில் உழைப்பவனுக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது. பாதுகாப்பான கருவியைக் கொடுப்பதும் அதைப் பராமரிப்பதும் முதலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கூறுகிறது.

நிர்வாகத்திடம் இந்தக் கிளை கேட்க வேண்டியவை பெரிய பெரிய விஷயங்களல்ல. கலவை எண்ணெயை வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் கலக்கட்டும். டின்னில் தேதி எழுதட்டும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பிளக் சாவி, இரண்டு புதுப் பிளக், ஒரு வடிகட்டி காட்டுக்கே கொடுத்து அனுப்பட்டும். எஞ்சினுக்கொரு நோட்டுப் புத்தகம் வைத்து, எப்பொழுது நின்றது, என்ன செய்யப்பட்டது, எத்தனை மணி நேரம் வீணாயிற்று என்று அன்றன்றே எழுதட்டும். எழுத்து நம் கையில் இருக்கும்போது பேச்சு எளிது. எழுத்து இல்லாவிட்டால் அவர்கள் சொல்வதுதான் கணக்கு. இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் என்று தூர தேசங்களிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்யும் தோழர்களுக்கும் இன்று கேட்டதைக் கையால் காட்டிக் கொடுங்கள். அவர்கள் பாஷை தெரிய வேண்டியதில்லை, பிளக்கைக் கழற்றிக் காட்டினால் போதும். மருந்து அடிக்கும் சகோதரிகளும் சற்று முன்னால் வாருங்கள். முதுகில் சுமப்பது நீங்கள், கயிறு இழுக்க மட்டும் மண்டோரைக் கூப்பிடுவது என்ன வழக்கமோ எனக்கு விளங்கவில்லை.

மேசை மேல் இரண்டு எஞ்சின்கள் வைத்திருக்கிறேன். இரண்டும் இந்தத் தோட்டத்து ஸ்டோரில் ‘ஓடாது’ என்று சீட்டுக் கட்டி ஒதுக்கி வைத்தவை. மானேஜரிடம் கேட்டு வாங்கி வந்தோம். என்ன கோளாறு என்று நான் இன்னும் பார்க்கவில்லை. எண்ணெய் டின்னை வெளியே திண்ணையில் வைத்துவிட்டேன், சுருட்டுப் பிடிப்பவர்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள். முணுமுணுத்த தோழர் எங்கே? வாருங்கள் ஐயா, பிளக் சாவியை நீங்கள் பிடியுங்கள். சுவிட்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்.